பார்வையற்றோர்க்கான வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளிகளும் அரசின் மேற்பார்வையும்: கலிபோர்னிய வாரியத்தை முன்வைத்து

முன்னுரை

மருத்துவம், சட்டம், கட்டடவியல் முதலிய தொழில்களுக்கு அரசு உரிமம் வழங்கி அவற்றை ஒழுங்குபடுத்துவது உலகெங்கும் காணப்படும் நடைமுறையாகும். ஆயின், பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குவதற்கென்று ஓர் அரசு தனிச்சட்டம் இயற்றி, தனி வாரியம் அமைத்து, அதனை எழுபது ஆண்டுகள் நடத்தியது என்னும் செய்தி நம்மில் பலர்க்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பது மாநிலங்களுள் கலிபோர்னியா ஒன்றே இதனைச் செய்தது. 1947-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1948-இல் வாரியம் பிறந்தது. 2018 சனவரி முதல் நாளோடு அது முடிவுற்றது.

ஓர் அரசு அமைப்பு மறைவதில் வியப்பொன்றும் இல்லை. நாம் இங்கு ஆராய விரும்புவது வேறு. அவ்வாரியம் யாரைக் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது? யாரை உண்மையில் காத்தது? பார்வையற்ற பயனாளர்க்கும் பள்ளிக்கும் இடையே எழும் மிகக் கடுமையான வழக்கு, அதாவது நாய் யாரிடம் இருக்க வேண்டும் என்னும் வழக்கு, அதன் கண்ணில் எப்பொழுது பட்டது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

வழிகாட்டி நாயின் பணி

மேற்பார்வை ஏன் வேண்டப்பட்டது என்பதனை உணர, அந்நாய் செய்யும் பணியை முதலில் அறிதல் வேண்டும். வழிகாட்டி நாய் தன் உரிமையாளரைக் கடைக்கோ அலுவலகத்திற்கோ 'அழைத்துச் செல்கிறது' என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. எங்குச் செல்வது, எந்தத் திருப்பத்தில் திரும்புவது, எப்பொழுது சாலையைக் கடப்பது ஆகியவற்றை முடிவு செய்பவர் மனிதரே. நாய் போக்குவரத்து விளக்கின் நிறத்தைப் பார்த்துக் கடப்பதில்லை. வண்டிகளின் ஓசை எத்திசையில் ஓடுகிறது, எத்திசையில் நின்றது என்பதனைச் செவியால் அறிந்து மனிதரே கட்டளையிடுகிறார். நாயின் வேலை, இடையில் உள்ள தடைகளை விலக்கி நடத்துவதும், படிக்கட்டிலும் நடைபாதை விளிம்பிலும் நிற்பதும், தலைக்கு மேல் தாழ்ந்து நிற்கும் கிளையைக்கூட மனிதரின் உயரத்தைக் கணக்கிட்டுத் தவிர்ப்பதும் ஆகும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டளை பிறந்த பின்னும் வண்டியொன்று குறுக்கே வருமாயின் அக்கட்டளையை மீறி நிற்க வேண்டும். இதனைப் பயிற்றுநர்கள் அறிவார்ந்த கீழ்ப்படியாமை என்பர். கீழ்ப்படியக் கற்பிப்பது எளிது. எப்பொழுது கீழ்ப்படியக் கூடாது என்று கற்பிப்பதே அரிது. ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குட்டி ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. ஓராண்டுக்கு மேல் அங்கு வளர்ந்தபின் பள்ளிக்குத் திரும்பிச் சில மாதங்கள் முறையான பயிற்சி பெறுகிறது. அதன்பின் அது பார்வையற்ற ஒருவரோடு இணைக்கப்பட்டு, இருவரும் சேர்ந்து சில வாரங்கள் பயில்கின்றனர். இவ்வளவுக்கும் ஆகும் செலவு பல்லாயிரம் டாலர். பெரும்பாலான பள்ளிகள் இதனைப் பயனாளரிடம் பெறுவதில்லை. பொதுமக்கள் அளிக்கும் நன்கொடையே பள்ளிகளை நடத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுப்பவர் நாயைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துபவர் பணம் கொடுப்பதில்லை. நன்கொடையாளர்க்குப் பயிற்சியின் தரம் தெரியாது. பயனாளரோ, பழுதுள்ள நாயைப் பெற்றுவிட்டோம் என்பதனைப் பரபரப்பான சாலை நடுவில்தான் அறிவார். இவ்விரு அறியாமைகளுக்கும் இடையில் போலிப் பள்ளி தழைக்க இடம் இருக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

முறையான வழிகாட்டி நாய்ப் பள்ளி முதலாம் உலகப் போரின்போது தோன்றியது. போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916-இல் செர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் அதனைத் தொடங்கினார். பின்னர்ப் போட்ஸ்டாம் நகரிலும் ஒரு பள்ளி எழுந்தது. அதனைக் கண்ட அமெரிக்கப் பெண்மணி டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1927-இல் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையே அமெரிக்காவில் இவ்வியக்கத்திற்கு வித்திட்டது. அக்கட்டுரையைப் படிக்கக் கேட்ட மோரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று, பட்டி என்னும் நாயுடன் திரும்பினார். 1929-இல் 'சீயிங் ஐ' என்னும் பள்ளி நிறுவப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் மீண்டும் பார்வையிழந்த வீரர்களை ஊர்களுக்கு அனுப்பியது. அவர்களுக்கு உதவ வேண்டும் என்னும் உணர்வு மக்களிடம் பொங்கி நின்ற காலம் அது. கலிபோர்னியாவில் 1942-இல் தொடங்கப்பட்ட 'கைட் டாக்ஸ் பார் த பிளைண்ட்' போன்ற நேர்மையான நிறுவனங்கள் ஒருபுறம் வளர்ந்தன. மறுபுறம், பயிற்சியறிவு இல்லாதோரும் நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டோரும் இத்துறையில் புகுந்தனர். நாயின் படமும் கறுப்புக் கண்ணாடி அணிந்த வீரரின் படமும் இருந்தால் பணம் வரும் என்பதனை அவர்கள் கண்டுகொண்டனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சூழலில் பிறந்தது. இரக்கம் மிகுந்த இடத்தில் ஏமாற்றும் மிகும் என்பதனைச் சட்டமன்றம் உணர்ந்தது போலும்.

சட்டம் வகுத்த வேலி

உரிமம் இல்லாத எவரும் வழிகாட்டி நாயை விற்பதோ, வழங்குவதோ, வாடகைக்குத் தருவதோ, அத்தகைய நாயைப் பழக்கும் தொழிலில் ஈடுபடுவதோ சட்டத்திற்குப் புறம்பானது என்று கலிபோர்னியா விதித்தது. உரிமம் இல்லாத பள்ளிக்காக நிதி திரட்டுவதும் தடை செய்யப்பட்டது.

பயிற்றுநராக விரும்புவோர்க்கு விதிக்கப்பட்ட தகுதிகள் நம் கவனத்திற்கு உரியவை. பார்வையற்றோரின் தனிச் சிக்கல்களையும் அவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாண்டு அனுபவமும், மனிதரும் நாயும் சேர்ந்த 22 இணைகளைப் பயிற்றுவித்த பழக்கமும், அல்லது அவற்றுக்கு ஈடான தகுதியும் வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு: தாம் பழக்கிய நாயுடன், தம் கண்களைக் கட்டிக்கொண்டு, வண்டிகள் ஓடும் சாலையில் நடந்து காட்டுதல் வேண்டும். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் பெறுவது ஒன்று. தன் உயிரைத் தன் மாணவனிடம் ஒப்படைப்பது வேறொன்று. ஒழுங்குமுறைச் சட்டங்களில் இத்துணை நேர்மையான தேர்வு ஒன்றினை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வாரியத்தில் ஆளுநர் அமர்த்தும் எழுவர் இருந்தனர். ஒருவர் மாநில மறுவாழ்வுத் துறை இயக்குநர் அல்லது அவர்தம் பிரதிநிதி. ஏனையோருள் மூவரேனும் வழிகாட்டி நாயைப் பயன்படுத்தும் பார்வையற்றோராக இருத்தல் வேண்டும் என்று பிற்காலச் சட்டவாசகம் கூறியது. மாற்றுத்திறனாளிகளின் குரல் கொள்கை வகுப்பில் இடம்பெற வேண்டும் என்று இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இச்சிறு வாரியம் அதற்குச் சட்டத்திலேயே இருக்கை ஒதுக்கியிருந்தது.

எனினும் பள்ளிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. பிற்காலத்தில் மாநிலத்திற்குள் உரிமம் பெற்றிருந்தவை மூன்றே. சான் ரபேல் நகரில் ஒன்று, சில்மாரில் ஒன்று, பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனப் பகுதியில் ஒன்று. வாரியத்தின் செலவுக்கு இப்பள்ளிகளே கட்டணம் செலுத்தின. ஆண்டுச் செலவில் அரை விழுக்காடு வரை அக்கட்டணத்தை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. ஆக, மேற்பார்க்கப்படுவோரின் பணத்தில், அதுவும் நன்கொடைப் பணத்தில், மேற்பார்வை நடைபெற்றது.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் உண்டு. மேற்பார்வை என்பதற்கு நாம் வழங்கும் மற்றொரு சொல் 'கண்காணிப்பு'. கண்ணால் காணுதல் என்னும் இச்சொல்லடியிற் பிறந்த 'கண்காணி', மலாயாத் தோட்டங்களில் 'கங்காணி' ஆனதை நாம் அறிவோம். கங்காணி தொழிலாளரின் ஊரார்; அவர்தம் மொழி பேசியவர்; சில வேளைகளில் உறவினரும்கூட. ஆனால் வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் தோட்டத்திடமிருந்து பணம் பெற்றவர். அவர் கண் யாருக்காகப் பார்த்தது என்னும் வினா நம் சமூக வரலாற்றில் பழையது. கலிபோர்னிய வாரியத்தைக் கங்காணி முறையோடு ஒப்பிடுவது பொருந்தாது. அது நேர்மையான பொது அமைப்பு. ஆயினும் எந்த மேற்பார்வையைப் பற்றிப் பேசும்போதும் அதே வினாவை எழுப்புதல் தகும்.

நாய் யாருடையது?

1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருவரை மனத்திற் கொண்டது. ஒருவர் ஏமாறக்கூடிய நன்கொடையாளர். மற்றவர் பழுதான பயிற்சியால் சாலையில் அடிபடக்கூடிய பார்வையற்றவர். நல்ல பள்ளியில் நல்ல நாயைப் பெற்று ஊர் திரும்பிய பிறகு அப்பார்வையற்றவர்க்கும் பள்ளிக்கும் இடையே என்ன நேரும் என்பது அப்பொழுது முதன்மையான வினாவாக இல்லை.

ஆனால் அங்குதான் வாழ்க்கை இருக்கிறது. ஒரு வழிகாட்டி நாய் எட்டாண்டுகள் அளவில் பணி செய்யும். அக்காலமெல்லாம் அது இரவும் பகலும் ஒருவரோடு இருக்கிறது. அதன் சட்டப்படியான உரிமை யாருக்கு? 'சீயிங் ஐ' பள்ளி தொடக்கக் காலத்திலேயே ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர், படைவீரர்க்கு ஒரு டாலர் என்று ஒரு சிறு கட்டணத்தை 1930-களில் வரையறுத்து, நாயின் உரிமையைப் பயனாளர்க்கே அளித்தது. உண்மைச் செலவோடு ஒப்பிட இது ஒன்றுமில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கியவர் உரிமையாளர். இரந்து பெற்றவர் அல்லர். அத்தொகை அவ்வளவு காலம் உயர்த்தப்படாமல் இருந்ததன் காரணமும் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

எல்லாப் பள்ளிகளும் அவ்வாறு செய்யவில்லை. உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் இசைவை மட்டும் ஒப்பந்தத்தின்வழி வழங்கிய பள்ளிகளும் உண்டு. அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாய் துன்புறுத்தப்பட்டால் அதனை மீட்க யார் இருக்கிறார்? உடல் தளர்ந்த நாயை ஒருவர் தொடர்ந்து சாலையில் இறக்கினால் இருவர்க்குமே இடர் அல்லவா? இவை உண்மையான அச்சங்களே. ஆயின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். நாயின் எடை கூடியது என்றோ, பராமரிப்பு குறைந்தது என்றோ, அக்கம்பக்கத்தார் ஒருவரின் புகாரின் பேரிலோ பள்ளி நாயைத் திரும்பப் பெறலாம் என்னும் நிலையில், அந்த மனிதர் தம் கண்ணுக்கு நிகரானதை இரவலாகவே வைத்திருக்கிறார். கண் மருத்துவர் ஒருவர் நம் வீட்டிற்கு வந்து, இக்கண்ணாடியை நீர் சரியாகத் துடைப்பதில்லை என்று எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? ஒப்புமை முழுமையானதன்று, கண்ணாடிக்கு வலி இல்லை. நாய்க்கு உண்டு. அதனால்தான் இவ்வழக்கு கடினமாகிறது.

கலிபோர்னியா பிற்காலத்தில் இதற்கென ஒரு நடுவர் முறையைச் சட்டத்தில் சேர்த்தது. முன்னோடித் திட்டம் என்னும் பெயரிலேயே அது வைக்கப்பட்டது. நாயைத் தொடர்ந்து பயன்படுத்துவது குறித்துப் பள்ளி எடுத்த முடிவை ஏற்காத பயனாளர் வாரியத்திடம் முறையிடலாம். மூவர் கொண்ட நடுவர் குழு கூட்டப்படும். ஒருவரைப் பயனாளர் அமர்த்துவார். ஒருவரைப் பள்ளி அமர்த்தும். மூன்றாமவர் வாரியத்தின் பிரதிநிதி, அவரே தலைவர். குழுவின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். இவ்விதிகளை மீறும் பள்ளிக்கு நாளொன்றுக்கு 250 டாலர் தண்டம்.

இம்முறையின் எல்லைகளையும் நாம் நோக்க வேண்டும். நாயின் முழு உரிமையைப் பெற்றவர்க்கு இது தேவையில்லை. ஆகவே அவர்க்கு இது பொருந்தவில்லை. பள்ளியில் யாரைச் சேர்ப்பது, எவ்வாறு பயிற்றுவிப்பது முதலியவற்றில் குழு தலையிடாது என்று சட்டமே கூறிவிட்டது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்க்கு அங்கு வழி இல்லை. நடுவரை நாடியவர் நீதிமன்றத்தை நாடும் உரிமையைத் துறக்கவும் வேண்டியிருந்தது. இவ்வளவு குறுகிய வாயில்தான். ஆனாலும், ஒரு பார்வையற்றவரும் ஒரு பெரிய அறநிறுவனமும் சமமான இருக்கையில் அமர்ந்து பேசுவதற்குச் சட்டம் ஓர் மேசையை இட்டது. எழுபதாண்டு வரலாற்றில் வாரியம் செய்தவற்றுள் இதுவே மிகச் சிறந்தது என்பது நம் கருத்து.

வாரியத்தின் மறைவும் அதற்குப் பின்னும்

அமெரிக்க மாநிலங்களில் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு ஆயுள் எல்லை வைக்கும் வழக்கம் உண்டு. குறித்த ஆண்டில் சட்டமன்றம் மீளாய்வு செய்து நீட்டிக்காவிடில் அவ்வமைப்பு தானே முடியும். வழிகாட்டி நாய் வாரியம் அவ்வாறே 2018 சனவரி 1-இல் முடிந்தது. கலிபோர்னியாவில் பயிற்றுநர்க்கும் பள்ளிக்கும் அவ்வாரியத்தின் உரிமம் தேவையில்லாமற் போயிற்று.

வாரியத்திற்கு எதிரான வாதங்கள் வலுவானவை என்பதனை ஒப்ப வேண்டும். மூன்று பள்ளிகளுக்கு ஒரு வாரியமா? ஏனைய 49 மாநிலங்களில் வாரியம் இல்லாமலேயே பள்ளிகள் நடைபெறவில்லையா? மேலும், உரிமம் மாநில எல்லையோடு நிற்கிறது; நாய் நிற்பதில்லை. கலிபோர்னியர் ஒருவர் நியூ செர்சிக்குச் சென்று நாயைப் பெற்றுத் திரும்பினால், அந்நாயைப் பழக்கியவர் எந்த வாரியத்திற்கும் விடைசொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு பெற்ற நாயுடன் உணவகத்திற்குள் நுழையும் உரிமையும் குறைவதில்லை. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 2010-இல் வெளியான விதிகளின்படி, பணி நாயா என்பது வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டே வினாக்களை எழுப்பலாம்: இந்நாய் உடற்குறையின் காரணமாகத் தேவைப்படும் பணி நாயா, அது எப்பணிக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழைக் காட்டச் சொல்ல முடியாது. பொது இடத்தில் நுழையும் உரிமையைக் கூட்டரசு பள்ளியின் தரத்தோடு பிணைக்கவில்லை.

சப்பான் நேர்மாறான வழியில் சென்றது. அங்கு முதல் வழிகாட்டி நாய் 1957-இல் பழக்கப்பட்டது. பார்வையற்றோர் சாலையில் செல்லும்போது கோலோ வழிகாட்டி நாயோ உடன்கொள்ள வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. எந்த நாய் அச்சட்டத்தின்படி வழிகாட்டி நாய் என்பதனைத் தேசியப் பொதுப் பாதுகாப்பு ஆணையம் குறிப்பிடும் நிறுவனங்களின் பயிற்சியே முடிவு செய்கிறது. 2002-ஆம் ஆண்டின் உதவி நாய்கள் சட்டம் நுழைவுரிமையை வகுத்தது. அதாவது, சப்பானில் மேற்பார்வையும் உரிமையும் ஒரே கயிற்றில் முடியப்பட்டுள்ளன. இதனால் பொதுமக்களின் ஐயம் குறையலாம். ஆனால் தாமே நாயைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர்க்கு அவ்வழி அடைபடுகிறது.

இன்று பல நாடுகளிலும் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு பன்னாட்டு வழிகாட்டி நாய்க் கூட்டமைப்பிடம் உள்ளது. 1989-இல் தோன்றி இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கூட்டமைப்பு, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகளை உறுப்பினராகக் கொண்டது. மதிப்பீட்டாளர் நேரில் சென்று நாய்களின் நலன், பயிற்சி, பயனாளர் சேவை முதலியவற்றை ஆராய்ந்து ஏற்பளிக்கின்றனர். தொழில்நுட்ப அறிவில் இது எந்த மாநில வாரியத்தையும் விஞ்சக்கூடும். ஆயின் இது பள்ளிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு. கண்கட்டிச் சாலையில் நடந்து காட்டும் தேர்வின் இடத்தை அதன் மதிப்பீடு நிரப்பலாம்; போலிப் பள்ளியை அடையாளம் காட்டவும் உதவலாம். நடுவர் குழுவின் தலைவராக வாரியப் பிரதிநிதி அமர்ந்திருந்த இருக்கையை மட்டும் அது நிரப்பவில்லை. தரம் பற்றிய கேள்விக்குத் தொழிலார் தாமே விடைகாண முடியும். தமக்கும் தம் பயனாளர்க்கும் இடையே எழும் வழக்கில் தாமே நடுவராக இருக்க முடியாது.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. சிங்கப்பூரில் 2006-இல் வழிகாட்டி நாய்ச் சங்கம் அமைக்கப்பட்டு, வெளிநாட்டுப் பள்ளிகளில் பயின்ற நாய்கள் உள்ளூர்ப் பார்வையற்றோருடன் இணைக்கப்பட்டுள்ளன. நாய் எங்கே பயின்றதோ, அங்குள்ள மேற்பார்வையே அதனுடன் கப்பலேறி வருகிறது. இப்பகுதியில் உணவகங்களும் பேருந்துகளும் அந்நாய்களை ஏற்குமா என்பதே பெரிதும் பேசப்படுகிறது. அது வேண்டிய பேச்சே. அதனோடு, நாயைப் பெறும் ஒப்பந்தத்தில் உரிமை யாருக்கு, திரும்பப் பெறும் காரணங்கள் எவை, முடிவை ஏற்காதவர் யாரிடம் செல்லலாம் என்னும் மூன்று பிரிவுகளையும் பார்வையற்றோர் சங்கங்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் படித்துப் பார்த்தல் நன்று. அவ்வொப்பந்தம் பிரெயில் எழுத்திலோ ஒலிவடிவிலோ விண்ணப்பதாரர்க்குப் பயிற்சி தொடங்கும் முன்னரே கிடைக்க வேண்டும். பயிற்சியின் இறுதி நாளன்று, பல வாரங்கள் உடன் நடந்த நாய் காலடியில் படுத்திருக்கும்போது, எவரும் எந்த விதியையும் மறுத்துக் கையொப்பமிடாமல் எழுந்து செல்லமாட்டார்.